எல்லாக் கண்களும் மூடியிருக்கட்டும்

...மறுபடியும் முதல் சரணமா, வெர்லீன் பியானோவிலிருந்து தலையைத் திருப்பாமல் கடைக்கண்ணால் பார்த்தாள், ஆமாம், போதகர் பிரதர் ஹோல்கமின் விரல் இடுப்பளவில் ஒரு சின்ன வட்டம் போட்டது, இன்னொரு சுற்று என்று அர்த்தம், நாலு சரணமும் மூன்று தடவை முடிந்து இது நாலாவது தடவை, பன்னிரண்டரை ஆகியிருக்கும், மெத்தடிஸ்ட் சபைக்காரர்கள் இந்நேரம் ஆராதனையை முடித்துக்கொண்டு கடைத்தெரு ஓட்டலில் நல்ல மேஜைகளையெல்லாம் பிடித்திருப்பார்கள், இங்கே பாப்டிஸ்ட் சபைக்குள் இருநூறு பேர் ஆகஸ்ட் புழுக்கத்தில் நின்றுகொண்டு, சவப்பெட்டிக் கடைக்காரர் இனாமாகக் கொடுத்த அட்டை விசிறியை ஆட்டிக்கொண்டிருக்கிறார்கள், பெண்களுக்கு அடுப்புக்குள் வைத்துவிட்டு வந்த மாட்டிறைச்சி கருகுகிற கவலை, ஆண்களுக்குப் பசி, ஆனாலும் ஒருவரும் அசையவில்லை, ஏனென்றால் இன்றைக்கு அழைப்புப் பாட்டு யாருக்காக நீளுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இடது பக்கம் நாலாவது பெஞ்சு. ராய்ஸ் பிக்கார்ட், பதினேழு வயது, முன்பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், பக்கத்தில் அவன் அப்பா, தீவனக் கடைக்காரர், சபைப் பொறுப்பாளர்களில் ஒருவர், டீக்கன் பிக்கார்ட், வழிவிட்டு நிற்கிறார், மகன் தாண்டி நடுவழிக்கு வந்து, முன்னால் வந்து, பிரதர் ஹோல்கமின் கையைப் பிடித்து, மண்டியிட்டு, நான் பாவி என்று அழுதுவிட்டால் போதும், பாட்டு நிற்கும், எல்லோரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். அவன் வரவில்லை. வெர்லீன் வாசித்தாள்.

வாசிக்கிறவளுக்கு ஒரு சௌகரியம் உண்டு, பாவத்தைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை, பெடலைப் பற்றி யோசித்தால் போதும், ஆனால் மனசு பெடலில் நிற்க வேண்டுமே... நேற்று மத்தியானம் சபைக்குப் பின்னால் பீப்பாயில் எரிந்தது இன்னும் மூக்கில் இருக்கிறது, இசைத்தட்டு எரிந்தால் என்ன ஒரு நாற்றம், தார் போலக் கறுத்து உருகி, ஓரமெல்லாம் சுருண்டு, ராய்ஸ் ஒளித்து வைத்திருந்த முப்பத்தாறு தட்டு, பிசாசின் பாட்டு என்று இளைஞர் கூட்டத்துப் பிள்ளைகள் ஆளுக்கொன்றாக வாங்கி வீசினார்கள், வீசுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் மேலே ஒட்டியிருந்த பேரை ஒரு தரம் ஆசையாகப் படித்துக்கொண்டார்கள், அதையும் அவள் பார்த்தாள். ராய்ஸையும் நிற்க வைத்தார்கள். அவன் அழவில்லை, அதுதான் டீக்கனுக்குப் பொறுக்கவில்லை. "நாளைக்கு அழைப்புப் பாட்டுல நீ முன்னால போற. இல்லேன்னா திங்கக்கிழமை காலையில உன்னைப் பண்ணையில கொண்டுபோய் விட்டுருவேன். இருபத்தோரு வயசு வரைக்கும் அங்கேயே கிட." எல்லோர் முன்னாலும் சொன்னார். பையன்களைத் திருத்துகிற பண்ணை, மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், போன முதல் நாளே மொட்டையடிப்பார்களாம், விடியற்காலையிலிருந்து பருத்தி, சாயங்காலம் வேதபாடம், போன வருஷம் போய்வந்த ஒருவன் இப்போது யார் கூப்பிட்டாலும் எழுந்து நிற்கிறான். ஆகவே ராய்ஸ் வருவான், வராமல் எங்கே போவான், மண்டியிடுவான், கிட்டாரை ஒப்படைப்பான், இந்த ஊரிலேயே இருப்பான், தீவன மூட்டை தூக்குவான், ஞாயிறுதோறும் நாலாவது பெஞ்சில் நிற்பான், அவள் இங்கே இந்த ஸ்டூலில் இருப்பாள், அதற்குத்தானே... எதற்குத்தானே? வெர்லீன் இரண்டாம் சரணத்துக்குப் போனாள்.

சீவிவிட்ட தலை இன்றைக்கு ராய்ஸுக்கு. எண்ணெயைக் கழுவி, முன்மயிரை வெட்டி, காது இரண்டும் வெளியே தெரிகிறது, இவ்வளவு பெரிய காதா இவனுக்கு, பஞ்சாலையில் பார்த்தபோது தெரியவில்லையே... ஓடாத பஞ்சாலை, வியாழக்கிழமைதோறும் பள்ளி விட்டதும் அங்கேதான், ராய்ஸ், கூட இரண்டு பையன்கள், ஒரு பழைய பியானோ, பாதிக் கட்டை பேசாது. "என்னடி பியானோக்காரி, வலது கையை மட்டும் சபைக்கு வச்சுக்கோ, இடது கையை எனக்குக் குடு" என்றான் முதல் நாள். அந்த இடது கையின் நடை அவளுக்கு எப்படி வந்தது என்று சொன்னால் பிரதர் ஹோல்கமுக்கு மயக்கம் வரும், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கறுப்பர்களின் சபை இருக்கிறது, அங்கேயும் பாப்டிஸ்ட் என்றுதான் பலகையில் எழுதியிருக்கிறது, புதன்கிழமை சாயங்காலங்களில் அவளும் ராய்ஸும் சரக்கு ரயில் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்பார்கள், உள்ளே ஒரு கிழவர் பியானோவில் இடது கையை ஏற்றி இறக்கி நடக்கவிடுவார், தரை அதிரும், பெண்கள் கை தட்டுவார்கள். "இயேசு அவங்களுக்கும் இயேசுதான, அப்புறம் இதே தாளத்தை நான் வாசிச்சா மட்டும் ஏன் பிசாசுங்குறாங்க?" என்று ராய்ஸ் கேட்டான். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, தன்னிடம் கேட்டானே என்று. வீட்டுக்கு வந்து மேஜை விளிம்பில் இடது கையை நடக்கவிட்டாள், இரண்டே வாரத்தில் பிடித்துவிட்டாள், பஞ்சாலையில் வாசித்துக் காட்டியபோது ராய்ஸ் கிட்டாரை இறக்கி வைத்துவிட்டு அவளையே பார்த்தான், அப்படி அவளை யாரும் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, பின்னாலும் இல்லை.

அதற்குப் பிறகுதானே மெம்பிஸ் வந்தது. அந்த நகரத்தில் ஒரு ரேடியோ நிலையத்தில் புதுப் பையன்களைப் பாடச் சொல்லிக் கேட்கிறார்களாம், ராய்ஸ் கடிதம் போட்டிருந்தான், வரச்சொல்லி பதில் வந்துவிட்டது, பஞ்சாலையில் கடிதத்தை எல்லோருக்கும் படித்துக் காட்டினான், அவள் மனசுக்குள் எந்தச் சட்டை போட்டுக்கொள்வது என்றுகூட யோசித்துவிட்டாள், நீலமா, கழுத்தில் பூ தைத்ததா... "ட்ரூடியைக் கூட்டிட்டுப் போறேன், பின்பாட்டுக்கு" என்றான். மருந்துக்கடைக்காரர் மகள் ட்ரூடி, அவளுக்குச் சுருதி சேராது, அது ராய்ஸுக்கும் தெரியும். வெர்லீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், அவ்வளவுதான், அதற்கே அவன் சிரித்துவிட்டான். "மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதடி. மேடையில பாக்கறதுக்கு ஒருத்தி வேணும். கேக்கறதுக்கு நான் இருக்கேன். நீ சபை பெஞ்சு மாதிரி, இங்கேயே இருப்ப, நாங்க திரும்பி வந்தா உக்காந்துக்கலாம்." பையன்கள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், அதுதான் இன்னும் எரிகிறது, கூடச் சேர்ந்து சிரித்தது.

நான் காட்டிக் கொடுக்கவில்லை, வெர்லீன் மூன்றாம் சரணத்தில் விரல்களுக்குச் சொன்னாள், நான் ஜெபக் குறிப்புதான் கொடுத்தேன். பெண்பிள்ளைகளின் ஜெபக் குழு, புதன்கிழமை மத்தியானம், குழுவை நடத்துகிற சிஸ்டர் யூலா ஸ்ட்ரவுட் மடியில் சின்ன நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு ஒவ்வொருத்தியிடமும் கேட்பாள், யாருக்காக ஜெபிக்க வேண்டும், ஒருத்தி பாட்டியின் மூட்டுவலி என்பாள், ஒருத்தி கணக்குப் பரீட்சை என்பாள், சொல்ல முடியாதது இருந்தால் கையை மட்டும் தூக்கி, சொல்லாத விண்ணப்பம் என்றால் போதும், கர்த்தருக்குத் தெரியும், மனுஷருக்குத் தெரிய வேண்டியதில்லை. வெர்லீன் கையை மட்டும்தான் தூக்கினாள். சிஸ்டர் யூலாவின் பென்சில் காற்றிலேயே நின்றது. "சொல்லாததா? ஐயோ கண்ணு, யாருக்குன்னு தெரியாம நாங்க எப்படி ஜெபிக்கறது? பேரை மட்டும் சொல்லேன்." பேரை மட்டும்தான் சொன்னாள். "ராய்ஸா! என்னாச்சு அந்தப் புள்ளைக்கு? பாரம் இருந்தா இறக்கி வச்சிடணும்டா செல்லம்." பிறகு பஞ்சாலை, பிறகு மக்காச்சோள மூட்டைக்கு அடியில் ஒளித்திருந்த தட்டுகள், பிறகு மெம்பிஸ், எல்லாம் அழுதுகொண்டே சொன்னாள், அழுகை பொய்யில்லை, அதுதான் வேடிக்கை, பன்னிரண்டு பெண்பிள்ளைகள் கையைக் கோத்துக்கொண்டு ராய்ஸுக்காக ஜெபித்தார்கள், ஆமென் சொல்லும்போது ஆறு பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள், சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது, சொன்னவள் பேரை வெளியே விடக்கூடாது என்பது குழுவின் விதி, அதை மட்டும் காப்பாற்றினார்கள். நாக்கில் அன்றைக்கு ஒரு இனிப்பு இருந்தது. அப்பம் முழுகப் பாகு ஊற்றி ஒரு தட்டு சாப்பிட்டாள், அப்படியும் அந்த இனிப்பு தனியாகத் தெரிந்தது.

"எல்லாத் தலையும் குனியட்டும்" என்றார் பிரதர் ஹோல்கம், குரல் தாழ்ந்துவிட்டது, கடைசி ஆயுதம் இது, "எல்லாக் கண்களும் மூடியிருக்கட்டும். யாரும் பார்க்க வேண்டாம். பாடகர்கள் நிறுத்தலாம். பியானோ மட்டும்." இருநூறு தலைகள் கவிழ்ந்தன, விசிறிகள் நிற்கவில்லை. வெர்லீனின் கண்கள் மட்டும் திறந்திருக்கும், திறந்திருக்க அனுமதி உண்டு, விரலைப் பார்க்க வேண்டுமே, சபையில் பிரதர் ஹோல்கமைத் தவிர அவள் ஒருத்திக்குத்தான் அந்தச் சலுகை, எத்தனை பேர் அழுது வந்ததை இப்படிப் பார்த்திருக்கிறாள், யார் மூக்கைச் சிந்தினார்கள், யார் மண்டியிடுவதற்கு முன்னால் பாவாடையைச் சரிசெய்துகொண்டார்கள்... இப்போது ராய்ஸ். பிடித்திருந்த பெஞ்சை விட்டான். டீக்கன் இன்னும் ஓர் அடி ஒதுங்கினார். ராய்ஸின் வலது கால் நடுவழிக்கு வந்தது, ஞாயிற்றுக்கிழமைச் சப்பாத்து, பாலிஷ் போட்டது, பிறகு முகம் நிமிர்ந்தது, அழுதுகொண்டிருந்தான். கீழுதடு தொங்கி, மூக்கு ஒழுகி, அந்தப் பெரிய காதுகள் சிவந்து, ஏழு வயசுப் பிள்ளை முகம், பண்ணைக்குப் பயந்த முகம். வந்துவிட்டான். அவள் கேட்டது வந்துவிட்டது. இன்னும் பத்து அடி, மண்டி, கிட்டார் ஒப்படைப்பு, மூட்டை, நாலாவது பெஞ்சு, ஆயுசு முழுக்க. இவ்வளவுதானா, என்று தோன்றியது அவளுக்கு. இந்த முகத்துக்காகவா...

அப்போதுதான் இடது கை நடந்தது. அவள் நடக்கவிட்டாளா, அதுவே நடந்ததா, வலது கை பாட்டை அதே பயபக்தியோடு பிடித்துக்கொண்டிருந்தது, பிசகில்லை, இடது கை மட்டும் கீழ்க்கட்டையில் மெல்ல ஏறி, இறங்கி, ஏறி, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துத் தரை அதிர்கிற நடை, சத்தமில்லாமல்தான், ஆனால் அதேதான். நிறுத்து. நிறுத்தவில்லை. இரண்டாவது வரிசையில் சிஸ்டர் யூலாவின் விசிறி தாளத்துக்கு வந்துவிட்டது, கண்ணை மூடியிருந்ததால் அவளுக்கே தெரியாது, ஒரு செருப்பு தரையில் தட்டியது, இன்னொன்று, பிரதர் ஹோல்கம் "வா மகனே... வா மகனே..." என்று கூப்பிட்டதுகூட அடிக்கு அடி விழுந்தது, அவருடைய குதிகால் உயர்ந்து உயர்ந்து இறங்கியது, டீக்கன் பிக்கார்டின் பெரிய கறுப்புச் சப்பாத்தும்தான், நேற்று முப்பத்தாறு தட்டுகளை எரித்த மனிதர், தலை குனிந்து, கண் மூடி, ஜெபித்துக்கொண்டே, காலால் தாளம் போட்டார். ராய்ஸ் நின்றான். அப்பாவின் சப்பாத்தைப் பார்த்தான். பிரதர் ஹோல்கமின் குதிகாலைப் பார்த்தான். பிறகு பியானோவைப் பார்த்தான், அவளை, பஞ்சாலையில் பார்த்தானே அதே பார்வை, வந்துவிட்டது, ஒரு நொடி, அழுகை அப்படியே முகத்தில் இருக்க வாய் மட்டும் விரிந்து, சிரித்துவிட்டான். சத்தமாக. அழைப்புப் பாட்டில் யாரும் சிரித்து அந்தச் சபை கேட்டதில்லை. நடுவழிக்கு வந்த காலை இழுத்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நிறுத்த முடியாமல் சிரித்தான். டீக்கனின் கை எழுந்தது. முதல் அறை, இரண்டாவது, மூன்றாவதில் ராய்ஸ் பெஞ்சுக்கிடையில் விழுந்தான், டீக்கன் குனிந்து சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நாலாவதையும் கொடுத்தார். இருநூறு பேரும் கேட்டார்கள். ஒரு தலை நிமிரவில்லை, ஒரு கண் திறக்கவில்லை, கண் மூடியிருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறதே, பார்க்காததற்கு யார் பதில் சொல்ல வேண்டும்? வெர்லீன் பார்த்தாள். பிரதர் ஹோல்கமின் விரல் வட்டம் போட்டது, அவள் சரணத்தை முடித்து மறுபடியும் முதலிலிருந்து எடுத்தாள், இம்முறை இடது கை ஒழுங்காக இருந்தது.

ஆசீர்வாதம் சொல்லி அனுப்பியபோது ஒரு மணி. வாசலில் பிரதர் ஹோல்கம் கை குலுக்கினார், உள்ளங்கை ஈரம். "கடைசியில உன் கையில ஆவியானவர் இறங்கிட்டாரும்மா, எனக்கே புல்லரிச்சுப் போச்சு. அந்தப் பையன் கல்நெஞ்சன், நாம என்ன செய்ய முடியும்." நன்றி பிரதர், என்றாள். இவருக்குத் தெரியவில்லையா, ஒருவருக்குமே தெரியவில்லையா, இரண்டு வருஷமாகப் பிரசங்கத்தில் பிசாசின் தாளம், பிசாசின் தாளம் என்று மேஜையைக் குத்தியவர், தாளம் வந்து காலைப் பிடித்து ஆட்டினபோது ஆவி என்கிறார்... சிரிப்பு வந்தது, விழுங்கினாள். நான் அவனைக் காப்பாற்ற வாசித்தேன், மண்டியிட விடாமல், அதுதான், அவள் படிகளில் இறங்கிக்கொண்டே சொல்லிப் பார்த்தாள், நன்றாகத்தான் இருந்தது. அவன் மண்டி போட்டால் மட்டும் போதாது, இன்னும் வேண்டும் என்று வாசித்தேன், இதையும் சொல்லிப் பார்த்தாள், இதுவும் வாய்க்குப் பொருந்தியது.

வேலமர நிழலில் தீவனக் கடையின் பிக்கப் வண்டி. ராய்ஸ் முன்சீட்டில் தனியாக, கைக்குட்டையால் உதட்டை அழுத்திக்கொண்டு, டீக்கன் படியில் நின்று பிரதர் ஹோல்கமிடம் பண்ணைக்குப் போகிற வழியைக் கேட்டுக்கொண்டிருந்தார். வெர்லீன் ஜன்னலருகே போனாள். போகாமல் இருந்திருக்கலாம். ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டிருந்தது, மற்றொன்றால் சிரித்தான். "யப்பா, எங்கப்பா காலைப் பாத்தியா நீ? சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்டி." பிறகு சிரிப்பு போய்விட்டது. "மண்டி போட்டிருப்பேன் வெர்லீன். சத்தியமா. நீ வாசிக்கலேன்னா போட்டிருப்பேன். இந்த ஊர்ல நீ ஒருத்திதான் என் பக்கம்." அவள் கண்ணாடியைச் சரிசெய்தாள். "யாரு போட்டுக் குடுத்தாங்கன்னு நெனச்சு நெனச்சுப் பாத்தேன். ட்ரூடியாத்தான இருக்கும்?" இல்லை என்று ஒரு சொல் இருக்கிறது, சின்னச் சொல், சொல்ல மூச்சுக்கூட வேண்டாம்... "இருக்கும்" என்றாள் வெர்லீன். அவன் தலையாட்டினான், இரத்தம் கலந்த எச்சிலை விழுங்கினான். "அவளை விடு. கேளு, அப்பா வர்றதுக்குள்ள. இன்னிக்கு நாலு மணி பஸ்ல நான் போறேன், பண்ணைக்கு இல்ல, மெம்பிஸுக்கு. வீட்டுல பூட்டுனாலும் ஜன்னல் இருக்கு. கிட்டார் எங்க இருக்குன்னு உனக்கு மட்டும் சொல்றேன். ஞானஸ்நானத் தொட்டிக்குப் பின்னாடி, வெள்ளை அங்கி தொங்குற ரூம்ல, அங்கிக்கு உள்ள. ஈஸ்டருக்கப்புறம் யாரும் முழுகல, ஒருத்தனும் பாக்க மாட்டான். என்னைவிட அதுதான் ரட்சிப்புக்குப் பக்கத்துல இருக்கு." சிரிக்கப் பார்த்தான், உதடு வலித்தது. "நீ பியானோ பழகப் போற மாதிரிப் போய் எடுத்துட்டு, பஞ்சாலைக்குக் கொண்டாந்துரு. மூணரைக்கு. செய்வல்ல?" செய்வேன், என்றாள். அவன் கையை நீட்டி அவள் மணிக்கட்டை ஒரு தரம் அழுத்தினான். அவள் நின்றாள். இன்னும் ஒரு வாக்கியம் பாக்கி இருக்கிறது, அவன் அதைச் சொல்லத்தான் மூச்சு இழுக்கிறான், நீயும் வந்துடேன், அவ்வளவுதான், நீலச் சட்டையே போதும், ட்ரூடி இல்லை, இடம் காலி, இடது கைக்காரி வேண்டாமா உனக்கு... "கம்பி இடிபடாமத் தூக்கிட்டு வா" என்றான் ராய்ஸ். டீக்கன் வந்து கதவைத் திறந்தார், அவளைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார், நல்லா வாசிச்சம்மா என்றார். வண்டி போய்விட்டது.

புழுதி அடங்கும்வரை நின்றாள். மூன்றரை. அங்கிகள், ஈர வாசனை, அதற்குள் மரவுடம்பு, அவளுக்கு மட்டும் தெரியும், அவள் தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பாள், அவன் போவான், மெம்பிஸில் யாராவது ஒருத்தி பியானோ வாசிப்பாள், பார்க்கவும் நன்றாக இருப்பாள்... கொடுப்பாள், கொடுக்கத்தான் போகிறாள், சொல்லியாயிற்றே. "வெர்லீன், கண்ணு, என்னமா வாசிச்ச இன்னிக்கு!" சிஸ்டர் யூலா, தொப்பியில் செர்ரிப்பழம் ஆட, கைப்பையைத் திறந்துகொண்டே வந்தாள், இறைச்சி கருகினால் கருகட்டும் என்று முடிவு செய்துவிட்ட நிதானம். "பாவம் அந்தப் புள்ள. ஏதோ பேசிட்டிருந்தியே அவன்கூட? மனசுல பாரம் ஏதாவது இருந்தா சாயங்காலக் கூட்டத்துல ஜெபிச்சிரலாம், இப்பவே எழுதிக்கறேன்." சின்ன நோட்டு வந்தது, பென்சில் வந்தது, பென்சில் முனையை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டாள். ஒன்றுமில்லை சிஸ்டர், என்று சொல்லத்தான் வெர்லீன் வாயைத் திறந்தாள். நாக்கில் அதற்குள் அந்த இனிப்பு வந்திருந்தது. பாவாடை மேல் இடது கை மெல்ல ஏறி, இறங்கி, நடந்துகொண்டிருந்தது, சபையில் அவளைக் கேட்காமல் நடந்ததும் இதே கைதான், புதன்கிழமை அவளைக் கேட்காமல் மேலே தூக்கிக்கொண்டதும் இதே இடது கைதான், இப்போதுதான் ஞாபகம் வருகிறது... "சொல்லுடா செல்லம்" என்றாள் சிஸ்டர் யூலா, "யாருக்காக?"